நெற்றியில் கொண்டுவந்த மாவு

அந்த ஜாடியை நான் உடைக்கவில்லை, கொல்லைப் பக்கம் துவைக்கிற கல்லுக்கு அந்தாண்டை கவிழ்த்து வைத்துவிட்டேன். நீ இருந்திருந்தால், "ஏன்க்கா, பாவம், அந்த ஜாடி ஒன்ன என்னா பண்ணுச்சு?" என்று கேட்டிருப்பாய், அதனால்தான். செல்வி கல்யாணத்துக்குச் சீர் என்று யாரோ கொண்டுவந்து வைத்தது. மேல்பாதி அரக்கு நிறம், கீழ்ப்பாதி வெள்ளை. வெயில் பட்டால் முகம் தெரிகிற பளபளப்பு. செல்வி அதை விரலால் வழித்துப் பார்த்துவிட்டு, "நெய்யி தடவுன மாரி இருக்குது பெரியம்மா. எலுமிச்சங்கா ஊறப் போடலாமா?" என்று விரலை உதட்டுப் பக்கம் கொண்டுபோனாள். படாரென்று கையைத் தட்டிவிட்டேன். கல்யாணம் நிச்சயமான பெண்ணை அடித்துவிட்டேனே என்று பிறகு அழுதேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரியும்படி நான் சொன்னதும் இல்லை.

ஆமாம், உன் செல்விக்குத்தான் கல்யாணம். நீ போன அன்று பாவாடை நுனியைக் கடித்துக்கொண்டு வாசற்படியில் நின்றதே, அந்தக் குழந்தைதான். மாப்பிள்ளை நல்லூர்ப் பக்கம். நிலம் இருக்கிறது, குடி இல்லை. நம்மூர்ச் சாமி பழமலைநாதர் கண்ணைத் திறந்துவிட்டார்.

உன்னிடம் பேச ஆரம்பித்தால், இப்படி நோட்டில் எழுதினாலும், எனக்கு நிறுத்த வராது. உயிரோடு இருந்தபோதே உன்னை வாய் மூட விட்டதில்லை, நானும் மூடியதில்லை. ஒரே வூட்டுக்கு வாக்கப்பட்டு வந்த இரண்டு மருமகள்கள். அண்ணனைக் கட்டியவள் நான், தம்பியைக் கட்டியவள் நீ. தண்ணீர் மொண்டு வைப்பதில் சண்டை, அடுப்பு மெழுகுவதில் சண்டை, குழம்பில் உப்பு யார் போட்டது என்று சண்டை. தெருவே கேட்கும். அந்தச் சண்டையை நம்பித்தான் முதலாளி நம் இருவரையும் அந்த வேலைக்குப் பொறுக்கினார் என்பதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஜங்ஷனுக்கு மேற்கே இருந்த அந்தப் பீங்கான் கம்பெனியில் நாம் முதலில் மண் மிதிக்கிற வேலைதானே பார்த்தோம்? ஜாடிக்கு மண் பிசைவது, காய வைப்பது, சூளைக்குத் தூக்குவது. ஜாடி மேல் பளபளவென்று கண்ணாடி மாதிரி ஏறுகிறதே, அந்தப் பூச்சுக் கரைசல் செய்கிற அறைக்குள் நம்மைப் போன்றவர்களை விடமாட்டார்கள். அதெல்லாம் மேஸ்திரி கையில் இருந்தது. அந்த மேஸ்திரி ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டுவிட்டு, ரயிலடிக்குப் பக்கத்திலேயே சொந்தமாகச் சூளை போட்டார். அதே ஜாடி, அதே பளபளப்பு. முதலாளிக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. "என் பூச்ச திருடிட்டான், என் வயித்துல அடிச்சிட்டான்" என்று சூளையைச் சுற்றிச் சுற்றி வந்தார். அதற்கப்புறம் யாரையும் நம்புவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டார்.

அவர் பண்ணிய ஏற்பாட்டை இப்போது யோசித்தாலும் கெட்டிக்காரத்தனம் என்றுதான் சொல்ல வேண்டும். மாவு மூட்டைகள் எங்கிருந்து வருகின்றன என்று தெரியாதபடி அவரே வண்டியில் ஏற்றி வந்து, அச்சுப் போட்ட பையிலிருந்து வெறும் சாக்குக்கு மாற்றுவார். பழைய பையைக் கொளுத்திவிடுவார். எல்லா மாவும் வெள்ளைதான். மாவுகளின் நிஜப் பேர் யாருக்கும் தெரியக்கூடாது என்று அவரே பேர் வைத்தார். மாமியார், நாத்தனார், சம்பந்தி, மச்சான். பேர் மாறாது. சாக்கின் மேல் போடுகிற அடையாளம் மட்டும் அமாவாசைக்கு அமாவாசை மாறும். இந்த மாதம் நீலப்பொட்டு மாமியார் என்றால் அடுத்த மாதம் கரிக்கோடு மாமியார். எந்த அடையாளம் யார் என்பது உனக்கு மட்டும் தெரியும். எந்தப் பேரில் எத்தனை படி என்பது எனக்கு மட்டும் தெரியும். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம் அரைப்பது என்பது ஆரோக்கியத்துக்கு மட்டும் தெரியும். ஆரோக்கியம், கோயில் தெரு மாதா கோயில்காரி, நம்மோடு மண் மிதித்தவள்.

"மூணு பேரும் ஒண்ணா சேந்து ஓடுனாத்தான் என் சரக்கு போவும்" என்றார் முதலாளி. "இவங்க ரெண்டு பேரும் ஓர்ப்படிங்க. செத்தாலும் ஒண்ணா சேர மாட்டாங்க. அதான் எனக்குப் பத்திரம்."

எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். உள்ளே அறை வேலை, வெயில் இல்லை, மண் மிதிக்க வேண்டாம். சிரிக்காமல் என்ன?

சத்தியம் வாங்கினாரே, அதுதான் சிரிப்பில்லை. சூளை வாசலில் கற்பூரத்தை ஏற்றி, அணைத்துச் சத்தியம் பண்ணச் சொன்னார். ஆரோக்கியத்துக்கு மட்டும் மாதா படத்தைத் தொடச் சொன்னார். எனக்குப் பிள்ளை இல்லை, கற்பூரத்தோடு விட்டுவிட்டார். உன்னிடம், "பெத்தவதான, புள்ள தலையில கைய வெச்சி சொல்லு" என்றார். இடுப்பில் இருந்த செல்வியின் தலையில் கையை வைத்து நீ சொன்னாய். "அறையில நடக்கறது, மூட்டையில இருக்கறது, எதையும் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். சொன்னா இந்தப் புள்ள எனக்கு இல்ல." பூசைப் பாட்டு படிக்கிறவள் நான், பிள்ளை தலையில் சத்தியம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் பேசாமல் நின்றேன். நின்றவர்கள் எல்லோரும் பேசாமல்தான் நின்றார்கள்.

அதற்குப் பிறகு நமக்குள் ஒரு விசித்திரம் நடந்தது. சண்டை குறைந்துவிட்டது. அந்த அறையில் மூன்று பேரும் அடைந்து கிடந்து, வெளியே பேச முடியாததை எல்லாம் உள்ளே பேசிச் சிரித்தோம். "மாமியார நெறைய போடு, நாத்தனார கொஞ்சமா போடு, சம்பந்தி பேருக்கு இருந்தா போதும்" என்று நான் சொல்ல, ஆரோக்கியம், "எங்க வூட்லயும் அதே அளவுதான்" என்பாள். ஒருநாள் வூட்டில் வந்து வாய் தவறி, "இன்னிக்கு மாமியார போட்டு நல்லா அரைச்சிட்டம்டி" என்று நான் சொன்னதை நம் மாமியார் கேட்டுவிட்டார். "அரைங்கடி, அரைங்க. எனக்கு மேல ஒருத்தன் இருக்கான், அவன் ஒங்கள அரைப்பான்" என்று ஒப்பாரி வைத்தார். நீ வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாய். உண்மையைச் சொல்லி அவரைச் சமாதானம் பண்ணவும் வழியில்லை. சத்தியம்.

அந்தச் சிரிப்பு எது வரைக்கும்? ஒரு அமாவாசை கழித்து நீ அடையாளத்தை மாற்றி எடுத்துவிட்டாய். கரிக்கோடு எது, காவிக்கோடு எது என்று குழம்பிவிட்டது. மாதத்துக்கு மாதம் மாற்றினால் யாருக்குத்தான் குழம்பாது? சூளையைத் திறந்தால் அத்தனை ஜாடியும் சாம்பல் பூத்த மாதிரி மங்கி நின்றன. பளபளப்பே இல்லை. முதலாளி உன்னை எல்லோர் முன்னாலும் நிற்க வைத்தார். "தப்பு பண்ணிட்டேங்க" என்று நீ சொன்னதை அவர் கேட்கவே இல்லை. "யாருக்கு வித்த? என் சூளைய கெடுக்கச் சொல்லி அந்த மேஸ்திரி எவ்ளோ குடுத்தான்?" என்றுதான் கேட்டார். நீ தப்பு பண்ணியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அவருக்கு உலகத்தில் இரண்டே சாதி. திருடினவன், திருடப் போகிறவன்.

அன்றிலிருந்து நீ அடையாளத்தை நம்புவதில்லை. மூட்டையைப் பிரித்ததும் ஒரு சிட்டிகை எடுத்துச் சட்டென்று நாக்கில் வைத்துக்கொள்வாய். நான் ஒருநாள் பார்த்துவிட்டேன்.

"என்னாடி பண்ற?"

"சத்தம் போடாதக்கா. மாமியாரு நாக்குல நறநறங்குது. மச்சான் ஒட்டிக்கிறான், பள்ளிக்கூடத்துச் சாக்கட்டி மாரி. நாத்தனாரும் சம்பந்தியும்தான் கனத்த மாவு, கையில எடுத்தா ஒண்ணாட்டமே இருக்கும். ஆனா நாத்தனாரு லேசா தித்திக்குது. ஒலகத்துலயே நாத்தனாரு தித்திக்கிறது இங்க மட்டுந்தான்க்கா."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் ஒரு சூளை கூடக் கெடவில்லை. முதலாளி உன்னைப் புகழ்ந்தார்.

வருஷம் திரும்புவதற்குள் உன் முகம் வெளுத்தது. வயிற்றில் உண்டான பிள்ளை தங்காமல் போயிற்று. நம் மாமியார் நாக தோஷம் என்றார். நான் ஆழத்துப் பிள்ளையாருக்குப் படியிறங்கிப் படியிறங்கித் தேங்காய் உடைத்தேன். வயிறு இறுக்கிக்கொண்டு வெளிக்குப் போகாமல் துடிப்பாய். விளக்கெண்ணெய் கொடுத்தோம், ஓமம் கொடுத்தோம், கண்ணேறு கழித்தோம். சாப்பாட்டில் எதைப் போட்டாலும் செம்புக் காசை வாயில் போட்ட மாதிரி இருக்கிறது என்பாய். மாசி மகத்தன்று மணிமுத்தாற்றங்கரைக் கூட்டத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாய். சாமி புறப்பாடு வந்துகொண்டிருந்தது, எல்லோரும் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள், நான் உன்னை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பங்குனி பிறந்ததும் வலது கை மணிக்கட்டிலிருந்து தொங்கிவிட்டது. தூக்கினால் தூக்கின பக்கம் விழும். முந்தானையைச் சொருகிக்கொள்ள முடியவில்லை. அப்போதுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

அந்த டாக்டர் சின்ன வயசு. பொறுமையானவர். உன் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். பல்லடியில் மை தீட்டினாற்போல ஒரு கறுப்புக் கோடு.

"என்னாம்மா வேல பாக்குற?"

"பீங்கான் கம்பெனிங்க" என்றாய்.

"அங்க எதத் தொடுற?"

நீ வாயை மூடிக்கொண்டாய். நான்தான் சொன்னேன். "மாவுங்க டாக்டர். ஜாடிக்கு மேல பூசறது."

"என்னா மாவு?"

"நாத்தனாருங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸம்மா கொல்லென்று சிரித்தார். டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "வெளையாடற நேரமாம்மா இது?"

"வெளையாடலைங்க. அங்க அதுக்கு அதான் பேரு. நெச பேரு எங்க யாருக்கும் தெரியாதுங்க. இவ அத நாக்குல வெச்சிப் பாப்பா. தெனமும்."

நீ விழாத கையால் என் தொடையைக் கிள்ளினாய். எவ்வளவு பலமாகக் கிள்ளினாய்!

டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எனக்குப் புரிகிற மாதிரிச் சொன்னார். "எனக்கு ஈயமா இருக்குமோன்னு ஒரு சந்தேகம்மா. ஈயம் ஒடம்புல எறங்கினா இப்படி ஆவும். ஆனா வெத்தல பொயில போடற ஊரு இது, பாதிப் பேரு ஈறு கறுப்பாத்தான் இருக்குது. அதுக்கு மருந்து இங்க கெடையாது. மெட்ராஸுக்கு எழுதித்தான் வாங்கணும். வேற நோயா இருந்து அந்த ஊசியப் போட்டா ஆளுக்கே ஆபத்து. அது என்னா மாவுன்னு மட்டும் கேட்டுட்டு வாங்க. ஒரே ஒரு வார்த்த. அது போதும்."

ஒரே ஒரு வார்த்தை. அதைக் கேட்கத்தான் உன் வூட்டுக்காரரும் நானும் முதலாளியிடம் போனோம். உன் வூட்டுக்காரர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கும்பிட்டார். முதலாளி கெட்டவர் என்று நான் இன்றைக்கும் சொல்ல மாட்டேன். தீபாவளிக்குப் புடவை கொடுத்தவர், உனக்கு முடியவில்லை என்றதும் பழம் கொடுத்து அனுப்பியவர். ஆனால் மாவு என்ன என்று கேட்டதும் முகம் மாறிவிட்டது.

"டாக்டரு கேட்டாரா? டாக்டருக்கு எதுக்கு என் பூச்சு?"

"மருந்து குடுக்கணும்ங்க."

"எந்தக் கம்பெனிக்காரன் ஒங்கள அனுப்பிச்சான்? நோயாளின்னு சொல்லி நோட்டம் பாக்க வர்றீங்களா?"

"ஐயோ சாமி, அவ கை விழுந்து கெடக்கறாங்க, நீங்க வேணா வந்து பாருங்க" என்று நான் கத்தினேன்.

கடைசியில், "எல்லாம் சாக்கட்டிதாம்மா. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க திங்கறது. அதுல ஒண்ணும் கெடுதி இல்லன்னு டாக்டர்கிட்ட சொல்லு" என்றார். அதை அப்படியே போய்ச் சொன்னோம். டாக்டர் நம்பினாரோ இல்லையோ, மெட்ராஸுக்கு எழுதவில்லை. வயிற்றுவலிக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருந்தார். உன் கண் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

உன் கட்டிலில் உட்கார்ந்து உன்னைக் கெஞ்சினேன். "இந்த மாசம் நாத்தனாருக்கு என்னா அடையாளம்? அத மட்டும் சொல்லுடி. நான் ஒரு பிடி எடுத்தாந்து டாக்டர்கிட்ட காட்டறேன்."

தலையை ஆட்டினாய்.

"சத்தியத்த நான் ஏத்துக்கறேன். பாவம் என்னோட போவட்டும்."

"நீ ஏத்துக்க முடியாதுக்கா. செல்வி தலையில அடிச்சிருக்கேன். நான் போனாலும் போறேன், அவ இருக்கணும்."

அதற்கு மேல் உன்னிடம் கேட்கவில்லை. பிள்ளை இல்லாதவள் என்று ஊர் என்னைச் சொன்னதெல்லாம் அன்றைக்குத்தான் எனக்கு உதவியது. எனக்கு வெறும் கற்பூரம்தானே? மறுநாள் வேலைக்குப் போனேன். நீ இல்லாததால் முதலாளியே மூட்டை பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் சாப்பிடப் போன நேரத்தில் ஆரோக்கியத்தை வாசலில் நிற்க வைத்துவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் நின்றேன். எது நாத்தனார் என்று எனக்கு எப்படித் தெரியும்? உனக்குத் தெரிந்த வழிதான் எனக்கும் இருந்தது. பழமலைநாதரை நினைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக நாக்கில் வைத்தேன். ஒன்று நறநறத்தது. ஒன்று ஒட்டியது. ஒன்றுக்கு ருசியே இல்லை. காவிக்கோடு போட்ட மூட்டையில் கைவிட்டு வைத்தபோது தித்தித்தது. அந்தத் தித்திப்பில் எனக்கு வாந்தி வந்தது.

அதை வெளியே கொண்டுபோவது எப்படி? மேஸ்திரி ஓடிப்போனதிலிருந்து வாசலில் சோதனை. வாட்ச்மேன் மடியை உதறிக் காட்டச் சொல்வான், தூக்குச் சட்டியைத் திறந்து பார்ப்பான், வெற்றிலைப் பையைக் கூடக் கொட்டச் சொல்வான். ஆரோக்கியம்தான் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஏண்டி, நீங்கதான் நெத்தியில வெள்ளையா பூசிக்கிறீங்களே" என்றாள்.

காலையில் குளித்துவிட்டுத் திருநீறு இல்லாமல் பச்சைத் தண்ணீர் குடிக்காதவள் நான். அந்த இடத்தில், அந்த நெற்றியில், ஆளைக் கொல்கிற மாவைக் குழைத்துப் பட்டை பட்டையாகப் பூசினேன். பூசும்போது வாய் தானாக 'சிவசிவ' என்றது. அதுவே எனக்கு அதிகப் பயமாக இருந்தது.

வேலை விட்டு வாசலுக்கு வந்தபோது வாட்ச்மேன் மடியைப் பார்த்தான், சட்டியைப் பார்த்தான், பிறகு என் முகத்தைப் பார்த்தான்.

"என்னாக்கா, இன்னிக்கி நெத்தி நெறைய பூசியிருக்க?"

"பிரதோசம்டா" என்றேன். பிரதோசம் இல்லை. சாமி பேரில் அதுவரை பொய் சொன்னதில்லை.

"அப்டியா? எனக்கும் கொஞ்சம் பூசி உடுக்கா. பொண்டாட்டி வூட்ட உட்டுப் போயி நாளாச்சு, ஒங் கையால பூசுனா வந்துடுவா" என்று தொப்பியை எடுத்துவிட்டுத் தலையைக் குனிந்தான்.

குனிந்த தலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் கேட்பதுதானே, நானும் யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லையே. "எங் கையில ஏதுடா துண்ணூறு, எல்லாம் நெத்தியில போயிடுச்சு. கோயிலுக்குப் போயி பூசிக்க, சோம்பேறி" என்று அதட்டிவிட்டு நடந்தேன். பின்னால், "சாமி கும்புடற பொம்பளைங்களுக்குத்தான் வாய் நீளம்" என்று சொல்லிச் சிரித்தான்.

பங்குனி வெயில். வேர்வை வழியக் கூடாது, துடைக்கக் கூடாது, தலையைக் குனியக் கூடாது. கண்ணில் மாவு இறங்கி எரிந்தது. பீங்கான் வேலை சொல்லித் தருகிற சர்க்கார்ப் பள்ளிக்கூடம் ஒன்று இருந்ததே, அங்கே ரசாயனம் சொல்லித் தருகிற வாத்தியார் ஒருவர் இருக்கிறார் என்று ஆரோக்கியம்தான் சொன்னாள். நேரே அவரிடம் போனேன். என் நெற்றியைக் காட்டி, "ஐயா, இது என்னான்னு சொல்லுங்க, ஒரு உசிரு இருக்குது" என்றேன். பைத்தியம் என்று நினைத்திருப்பார். ஆனாலும் எழுந்து வந்து கத்தி முனையால் என் நெற்றியைச் சுரண்டினார். ஒரு கரித்துண்டில் குழி தோண்டி மாவை அதில் வைத்து, விளக்குச் சுடரைச் சின்னக் குழாயால் அதன் மேல் ஊதினார். வெள்ளை மஞ்சளாயிற்று. மஞ்சள் சுருங்கிச் சுருங்கி, கடைசியில் ஒரு கடுகு மாதிரி உருண்டு பளபளவென்று நின்றது.

"ஈயம்மா" என்றார். "வெள்ளை ஈயம். இதுக்கா இவ்ளோ பாடு? பெயிண்டுக் கடையில டப்பாவுல விக்கிறானே. எங்க பசங்களுக்கு மொத மாசமே சொல்லிக் குடுத்துடுவோம், இது வெசம், கைய கழுவாம சாப்புடாதீங்கன்னு."

கடையில் விற்பது. பசங்கள் படிப்பது. ஊருக்கே தெரிந்த ஒரு பேரை, அதைத் தினமும் தின்ற உன் ஒருத்தியிடமிருந்து மட்டும் ஒளித்து வைத்திருந்தார்கள்.

டாக்டர் அன்றைக்கே மெட்ராஸுக்குத் தந்தி கொடுத்தார். மருந்து ரயிலில் வந்தது. வந்த அன்று காலையிலிருந்தே உனக்கு வலிப்பு. யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஊசி போட்டார்கள். நான் காதில், "நான்தாண்டி, ஒங்கக்கா. மாவு பேரு தெரிஞ்சிடுச்சி. நீ சொல்லல, நாந்தான் சொன்னேன். செல்விக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உனக்குக் கேட்டதோ இல்லையோ. சாயங்காலம் அடங்கிவிட்டாய்.

முதலாளி மாலையோடு வந்தார். அழவும் செய்தார். ஓரமாக என்னைக் கூப்பிட்டுக் கேட்டது இதுதான்: "அந்த வாத்தியாரு வேற யார்கிட்டயாச்சும் சொன்னாரா?" அடுத்த அமாவாசைக்கு மாவுகளின் பேரையெல்லாம் மாற்றிவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஆரோக்கியமும் நானும் அதற்கப்புறம் அந்த வாசலை மிதிக்கவில்லை.

என் தம்பி மகன் பட்டாளத்தில் இருக்கிறான், உனக்குத் தெரியாது, நீ போகும்போது அவன் படித்துக்கொண்டிருந்தான். தந்திச் செய்தியை எதிரிக்குப் புரியாமல் மாற்றி அனுப்புகிற வேலையாம். லீவில் வந்தபோது அவனிடம் மட்டும் உன் கதையைச் சொன்னேன். "எங்க வேலையிலயும் அடையாளத்த மாத்திக்கிட்டே இருப்போம் அத்த. ஆனா மொதல்ல சொல்லிக் குடுக்கறது என்னா தெரியுமா? பூட்டு எப்படி செஞ்சதுன்னு ஊருக்கே தெரிஞ்சிருக்கலாம், சாவிய மட்டும் ஒளிச்சா போதும். எல்லாத்தையும் ஒளிக்கிறவன் கடைசில எதுக்காக ஒளிக்கிறோம்னே மறந்துடுவான்" என்றான். அப்புறம் இன்னொன்றும் சொன்னான். மாற்றி மாற்றி வைத்தால் தாங்க முடியாமல் உள்ளே இருக்கிறவனே தனக்கென்று ஒரு சுலப வழி கண்டுபிடித்துக்கொள்வானாம். கேடு எப்போதும் அந்த வழியாகத்தான் வருமாம். அவன் மெஷினைப் பற்றிச் சொன்னான். எனக்கு உன் நாக்கு நினைவுக்கு வந்தது.

உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் என்ன என்று கேட்டால், ஒரு கெட்ட பழக்கம்தான். எதையும் பேர் கேட்காமல் வாங்கமாட்டேன். மருந்துக் கடைக்காரன் என்னைக் கண்டாலே முகம் சுளிப்பான். டாக்டர் எழுதின மாத்திரையை, "இது என்னா, எதுல செஞ்சது, ஒடம்புக்கு என்னா பண்ணும்?" என்று கேட்டுவிட்டுத்தான் மடியில் முடிவேன். கோயிலில் திருநீறு கொடுத்தால் இப்போதும் முதலில் மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டுத்தான் பூசிக்கொள்கிறேன். குருக்களுக்குக் கோபம் வருகிறது. சாமிக்கு வராது, அவருக்குத் தெரியும்.

செல்வி இன்று மத்தியானம் புடவைகளை மடித்துக்கொண்டே, தலையைத் தூக்காமல் கேட்டாள். "எங்கம்மா எனக்கு ஒருநாளும் சோறு ஊட்டுனதில்ல இல்ல பெரியம்மா? நீதான் ஊட்டுன. அம்மா தள்ளி ஒக்காந்து பாத்துக்கிட்டே இருப்பாங்க. என்ன புடிக்காதா அவங்களுக்கு?" "கை வெளங்காம போயிடுச்சிடி ஒங்கம்மாவுக்கு, எப்டி ஊட்டுவா?" என்று சொல்லிவிட்டேன். அவளும் சரி என்று விட்டுவிட்டாள்.

இதை எழுதிக்கொண்டு வரும்போது இப்போதுதான் ஞாபகம் வருகிறது. பொங்கலன்று நீ சோற்றைப் பிசைந்துவிட்டு, செல்வி வாயைத் திறந்துகொண்டு வந்து நின்றதும் உன் கையைப் பார்த்தாய். தட்டை என் பக்கம் தள்ளி, "நீ பெசஞ்சி ஊட்டுக்கா. இனிமே எப்பவும் நீயே ஊட்டு. எங் கையால அவளுக்கு ஒண்ணும் குடுக்க உடாத" என்றாய். அதே கையால்தான் அன்று காலையில் பானையில் மஞ்சள் கொத்துக் கட்டினாய், கரும்பை ஒடித்தாய். அது தை மாசம், அந்த மாவு கெடுதி என்று நமக்கு யாரும் சொல்லாத காலம். உன் கை விழுந்தது பங்குனியில்.